ஹாலிஎலயில் ஒரு மாஸ்டர் சிலிண்டர்

கிடைத்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே ஒரு பொருளைத் தேடி இலங்கையின் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தேன். பொருள், ஒரு காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. நாம் பெடலை மிதித்தால் அந்த மிதியை ஆயில் வழியாக நாலு சக்கரத்துக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். அது இல்லாமல் கோயம்புத்தூரில் என் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் பதினோரு வருஷமாக நிற்கிறது.

சாதாரணக் கார் இல்லை. அந்த மாடலை நிறுத்துவதற்கு முன் கம்பெனிக்காரர்கள் கடைசியாகக் கொஞ்சம் வண்டிகளைத் தனியாகச் செய்து விற்றார்கள். கரும்பச்சை உடம்பு, சந்தன நிறக் கூரை, சற்றே பெரிய எஞ்சின், டாஷ்போர்டில் எண் பொறித்த ஒரு பித்தளைத் தகடு. என்னுடையது எண்பத்தெட்டு. பிரேக்கும் அந்த வண்டிகளுக்கென்றே தனி. துரு தின்ற தரைத்தகடு, எலி கடித்த வயரிங், கதவு ரப்பர், கார்ப்பரேட்டர், சீட்டுத் துணி என்று மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துச் சரிசெய்தேன். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் கடைசிக்கு விட்டேன். மறதியால் அல்ல, பயத்தால் விட்டேன்.

என் தொழிலே பயத்துக்குத் தீனி போடுவது. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து அறிக்கை எழுதித்தான் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். எந்த வண்டியைக் கண்டாலும் அது எந்தப் பக்கம் நொறுங்கும் என்பதுதான் முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டு வாசலில் பூ வைத்து நிற்கும் காரையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று மகள் திட்டுவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது அந்த எண்பத்தெட்டாம் எண் காரில் பிரேக் போனது. நான் ஓட்டினேன். பக்கத்தில் மனைவி சாந்தாமணி, பின்னால் மகள். பெடல் தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. கியரைக் குறைத்து, இடது பக்க மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். மகளுக்குச் சிராய்ப்பு, எனக்கு ஒன்றுமில்லை. சாந்தாமணிக்கு வலது கணுக்கால் உடைந்தது. வண்டி இடித்தது இடது பக்கம், உடைந்தது வலது கால். சர்வேயரான நான் அதை ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. மெக்கானிக் பழனிசாமியின் வேலை சரியில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வேலைகளில் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் மலையில் கார் ஓட்டியதில்லை. அவளோ ஊன்றுகோலை வைத்த கையோடு டிரைவிங் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். இப்போது மகளுடைய சின்னக் காரை ஊரெல்லாம் ஓட்டுகிறாள். அதில் நான் பின்சீட்டில்தான் உட்காருவேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

போன மாதம் கொட்டகையில் நின்று ஒரே போடாகப் போட்டாள். “ஏனுங்க, ஒண்ணு இதைச் சரி பண்ணி என்னைய இதுலயே கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லீன்னா எடைக்குப் போட்டுருங்க. மூடி வெச்சுப் பாத்துட்டே இருக்கறதுக்கு இது என்ன சாமியா?”

எடைக்குப் போட மனசு வரவில்லை. மலை ஏறத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் பழைய கார் பைத்தியங்கள் கூடும் வாட்ஸ்அப் குழுவில், இலங்கையிலிருந்து ஒருவர் படம் போட்டார். அதே கரும்பச்சை, அதே சந்தனக் கூரை. எண் தொண்ணூற்றொன்று. ‘இதுக்குப் பின் விளக்குக் கண்ணாடி வேணும். என்கிட்ட மாஸ்டர் சிலிண்டர் புதுசு ரெண்டு இருக்கு’ என்று எழுதியிருந்தார். என்னிடம் பின் விளக்குக் கண்ணாடி ஒரு ஜோடி கூடுதலாக இருந்தது. படத்தைச் சாந்தாமணி எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். தப்பிக்க வழியில்லை.

முதல் நாள் பதுளையில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் மலை, நடுவில் ஊர். எங்கே போவதென்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் வாங்கினேன். வெங்காயத்தையும் மிளகாயையும் மாசிக் கருவாட்டையும் இடித்த அந்தச் சம்பல் வாயில் பட்டதும் பத்து நிமிஷம் வேறு எந்தப் பயமும் இல்லை. தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோமே என்று பால் டீ கேட்டால் பால்மா என்கிற பால் பவுடரைக் கலக்கித் தருகிறார்கள். எங்கள் ஊரில் பால் நல்லது, தூள் சுமார். இங்கே தலைகீழ். மறுநாளிலிருந்து நானும் எல்லாரையும் போலச் சீனி தூக்கலாகப் போட்ட, பால் விடாத பிளேன்டீக்கு மாறிவிட்டேன்.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

“மேல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம்ங்க. அள்ளிட்டாங்களாம். மறுபடி சரியும்ங்கிறாரு ஒருத்தரு. சரிஞ்சா மறுபடி அள்ளுவாங்கங்கிறாரு மத்தவரு.”

அந்த இரண்டாமவர்போல என்னால் ஒரு நாளும் இருக்க முடியாது. அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஹாலிஎலவுக்குத் தனியார் பஸ். டிரைவர் ஒரு கையால் ஓட்டினார், மறு கையால் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். கண்ணாடிக்கு மேலே புத்தர், பிள்ளையார், மாதா மூவரும் வரிசையாக இருந்தார்கள். மூன்று பேரின் துணை தேவைப்படுகிற டிரைவர் என்று எனக்கு விளங்கியது. வளைவுகளில் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த கோழியை என் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

குழுவில் படம் போட்ட செபஸ்தியனின் கராஜ் ஹாலிஎலயில் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. என் வயதுதான் அவருக்கும், ஐம்பத்தைந்து இருக்கலாம். முன்பு தேயிலைத் தோட்டத்து லொறிகளுக்கு மெக்கானிக். அவர் வீடு மேலே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறது. மனைவி புஷ்பம் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். படத்திலிருந்த கார் அந்தத் தோட்டத்தை ஒரு காலத்தில் நிர்வகித்த துரை ஒருவருடையது. கொழும்பிலிருந்து சாமான் வர நாளாகும் என்று உதிரிகளையும் ஒரு பெட்டியில் வாங்கி வைத்திருந்தாராம். அவர் போன பிறகு கார் ஷெட்டில் கிடந்தது. கோழிகள் சீட்டில் முட்டையிட்டன. கடைசியில் செபஸ்தியன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பின் விளக்குக் கண்ணாடிகளை அவரிடம் கொடுத்தேன். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து, மெழுகுக் காகிதத்தைப் பிரித்தார். சிலிண்டர் பளபளவென்று இருந்தது. உள்ளே துரு இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் கப்புகள் காய்ந்து கிடந்தன. நகத்தால் தட்டினேன், டக்கென்றது.

“ரப்பர் போயிருச்சே! இது எங்கேயும் கிடைக்காதே!” என்றேன்.

செபஸ்தியன் என்னையே பார்த்தார். “சேர், நீங்க சாமான் தேடி வந்தீங்களா, இல்ல சாமான் இல்லன்னு கேட்டுட்டுப் போக வந்தீங்களா? மொகத்துல இவ்வளவு சந்தோசம்?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் பழைய கப்பை ஒரு துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதுளைக் கடைகளுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

அன்று மத்தியானம் ஐந்து கடை ஏறினோம். ஐந்தாவது கடைக்காரர் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்து ஒரு கப்பை எடுத்தார். பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். “இது செட் ஆகும், கொண்டு போங்க” என்றார்.

பதினோரு வருஷத்துக்கு முன் அதே வார்த்தையைச் சொன்னவன் நான். எண்பத்தெட்டின் சிலிண்டர் ஒழுகியது. அசல் கிடைக்கவில்லை. சாதாரண மாடலின் சிலிண்டர் ஒன்று இருந்தது. பார்க்க அப்படியே இருக்கும், போல்ட்டும் பொருந்தும். “வேண்டாங்க சார், உள்ளளவு வேற” என்று பழனிசாமி இரண்டு முறை சொன்னார். மறுநாள் எங்கள் கல்யாண நாள், கோத்தகிரியில் அறை போட்டிருந்தேன். “நான் சர்வேயர், எனக்குத் தெரியாதா? செட் ஆகும், மாட்டுங்க” என்றேன். மாட்டினார். பிறகு பழியை அவர் தலையில் போட்டேன். இன்றுவரை அவருடைய ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவுக்குள் நான் போவதில்லை. சாந்தாமணி எப்போதாவது அந்த வழியாக ஓட்டினால், வேறு வழியில் போகலாமே என்பேன்.

செபஸ்தியன் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். “அரை மில்லி கொறையுது. வேணாம்” என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முணுமுணுத்தார். இவ்வளவு எளிதாக வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதே எனக்கு அவமானமாக இருந்தது.

“வெலிமடையில கெழங்கு ஏத்துற பழைய வேன் கொஞ்சம் ஓடுது. அதுக்கு இந்த சைஸ் வரும்னு நெனைக்கிறேன். நாளைக்குப் போவோம்” என்றார்.

மூன்றாம் நாள் வெலிமடை பஸ்ஸில் ஏறினோம். ஒரு ஏற்றத்தில் பஸ் திணறி நின்றது, நின்றதோடு இல்லாமல் பின்னுக்கு ஒரு அடி நழுவியது. கண்டக்டர் குதித்து இறங்கி, படிக்கட்டின் கீழ் கட்டிவைத்திருந்த மரக்கட்டையை எடுத்துப் பின் டயருக்கு அடியில் செருகினார். யாரும் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. நான் மட்டும் இறங்கிவிட்டேன். செபஸ்தியன் கூப்பிடக் கூப்பிட, நடந்தே வருகிறேன் என்று ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ் உறுமிக்கொண்டு என்னைக் கடந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி சிங்களத்தில் ஏதோ கத்தினார், பஸ்ஸே சிரித்தது. மேட்டு முனையில் எனக்காக நிறுத்தியிருந்தார்கள். ஏறியதும் செபஸ்தியனிடம் கேட்டேன்.

“‘அந்த ஐயா நம்மள விட வேகமா போறாரு, டிக்கெட் காச அவருக்கே திருப்பிக் குடுக்கணும்’ன்னாரு” என்றார்.

வெலிமடையில் ரோட்டோரமெல்லாம் லீக்ஸும் கேரட்டும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தன. மருந்தடிக்கும் பம்புகள் விற்கும் ஒரு கடையின் பின் அறையில் பழைய வேன் சாமான்களையும் வைத்திருந்தார்கள். கடைக்கார அம்மா ஏணியில் ஏறி ஒரு தூசிப் பெட்டியை இறக்கினார். செபஸ்தியன் ஒவ்வொரு கப்பாக அளந்தார், அளந்த பிறகு வெர்னியரை என்னிடம் நீட்டினார். நானும் அளந்தேன். மூன்று முறை அளந்தேன். இம்மியும் பிசகவில்லை. ரப்பரும் இளசாக இருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. இனி இல்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்ப முடியாது. திரும்பும் பஸ்ஸில் அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

நாலாம் நாள் விடிந்ததும் தோட்டத்துக்கு ஏறினோம். நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேரும்போது புஷ்பம் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. எனக்கு ஒரு டம்ளர் பிளேன்டீ ஆற்றிக் கொடுத்தார். “தூளு சுமாருதாங்க. நல்லதெல்லாம் கப்பல்ல போயிருது” என்றார்.

தொண்ணூற்றொன்றாம் எண் கார் லயத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கூரையின் கீழ் நின்றது. என் காரே என்னை முந்திக்கொண்டு இங்கே வந்து நிற்பதுபோல ஒரு கணம் திடுக்கிட்டேன். அதற்கப்பால் தேயிலைச் சரிவு, சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் மண் ரோடு. ஹாலிஎல எங்கோ கீழே பனிமூட்டத்துக்குள் இருந்தது.

“ரப்பர நீங்க போடுங்க” என்றார் செபஸ்தியன். “அங்க போயி நீங்கதான மாட்டணும்? சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க. கிரீஸ் தொட்டுறாதீங்க, ரப்பர் ஊதிரும். பிரேக் ஆயில் மட்டுந்தான்.”

கையை மூன்று தடவை கழுவினேன். கப்பை ஆயிலில் நனைத்து, அதன் விளிம்பு மடங்காமல் உள்ளே செலுத்தினேன். வேலை சரியாகத்தான் நடந்தது. எனக்குரிய அந்தச் சிலிண்டரைச் சோதனைக்காக அவர் காரில் பூட்டி, குழாய்களிலிருந்து காற்றை எடுத்தோம். உட்கார்ந்து மூச்சு விடும்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“சரி, ஏறுங்க. கராஜ் வரைக்கும் எறக்கிப் பாப்போம்.”

“பொட்டலம் கட்டிக் குடுங்க, ஊருக்குப் போய்ப் பாத்துக்கறேன்” என்றேன்.

“கடலத் தாண்டிப் போனதுக்கப்பறம் ஒழுகுனா யாருகிட்ட வருவீங்க? அதோட இங்க ஒரு பழக்கம் இருக்கு சேர். பிரேக்குக்கு ரப்பர் போட்ட கை எதுவோ, அந்த ஆளு மொத எறக்கத்துல பக்கத்துல உக்காரணும். முன்னாடி ஒருக்கா பிரேக் வேல முடிச்ச லொறி எறக்கத்துல புடிக்காம ஆளுங்களோட ஓடிப்போச்சு. அப்பறம் எல்லாருமாச் சேந்து பெரட்டுல நின்னுட்டாங்க. மெக்கானிக்கு ஏறாம நாங்க ஏற மாட்டோம்னு. நானு எத்தனையோ லொறியில அப்படி உக்காந்து எறங்கியிருக்கேன். இன்னைக்குப் போட்ட கை உங்க கை.”

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் இடது பக்கக் கதவைத் திறந்தேன். பதினோரு வருஷமாக நான் சமவெளியில் நானே ஓட்டியோ, பின்சீட்டில் கண்ணை மூடியோதான் வந்திருக்கிறேன். முன்னால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் கண்ணாடி முழுக்கப் பள்ளம்தான் தெரிந்தது.

முதல் வளைவைத் தாண்டியதும் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த இரண்டு பெண்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“என்னண்ணே, பிரேக்கு வேலயா? யாரு கை?”

செபஸ்தியன் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உள்ள இருக்காருல்ல, அப்பறம் என்ன?” என்று மற்றவரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டார். மற்றவரும் ஏறினார். இறங்குங்கள், என்னை நம்பாதீர்கள், நான் ஏற்கெனவே ஒரு குடும்பத்தை ஏற்றி இடித்தவன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் யார் வீட்டிலோ நடந்த சடங்கில் சோறு பற்றாமல் போன கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது வளைவில் செபஸ்தியன் பெடலை இரண்டு தடவை வேகமாக அமுக்கினார். “கொஞ்சம் எறங்குதே” என்றார். கடையில் உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னார். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தினார்.

“எங்கயோ காத்து நிக்கிது. பின் சக்கரமாத்தான் இருக்கணும். சேர், இங்க வந்து உக்காந்து மிதிங்க.”

அவர் பின் சக்கரத்துக்குக் கீழே படுத்துவிட்டார். பின்னாலிருந்த பெண்கள் இறங்கவே இல்லை, பையிலிருந்து கொய்யாக்காயை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார்கள். நான் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அந்தப் பெடலின் மேல் காலை வைத்தேன். அதே வளைவு, அதே வரி போட்ட ரப்பர். கால் அதை மறக்கவில்லை.

“மிதி... புடி... விடு” என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவசரத்தில் மரியாதையெல்லாம் போய்விட்டது. மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு பெடல் என் காலுக்குக் கீழே கெட்டியாக நின்றது. மறுபடி மிதித்தேன். அங்கேயே நின்றது. ஏனென்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

மறுபடி பக்கத்து இருக்கைக்குப் போனேன். இனி மிச்சமிருந்தது செங்குத்தான இறக்கம். செபஸ்தியன் வேண்டுமென்றே வேகத்தை விட்டுப் பிடித்தார், விட்டுப் பிடித்தார். பிரேக் ஒவ்வொரு தடவையும் பிடித்தது. புத்திக்கு அது தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் எதிரே வெறும் ஆகாயம். அந்த வளைவு முடியும்வரை நான் மூச்சு விடவில்லை.

கராஜில் வண்டி நின்றது. பெண்கள் இறங்கினார்கள். “நல்ல கைதாங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்கள். நான் இறங்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது கால் தொடைவரை விறைத்துப்போயிருந்தது. கணுக்காலில் சுரீரென்று வலித்தது.

செபஸ்தியன் சிரித்தார். “தரையில ஓட்ட போட்டுட்டீங்களா? இந்தச் சீட்டுல உக்காந்தா எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் மிதிப்பேன்.” குனிந்து என் காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடம் என்று கால் நினைக்கிற இடத்தில், தரைத்தகடு உள்வாங்கி ஒரு குழி விழுந்திருந்தது.

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சாந்தாமணியிடம், “காலை எதிலாவது அழுத்தி ஊன்றியிருந்தீர்களா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, “தெரியலைங்க” என்றாள். எண்பத்தெட்டின் தரைத்தகட்டை மாற்றியபோது இடது பக்கத்தில் இதே மாதிரி ஒரு குழியை நானே பார்த்தேன். துருவில் உள்வாங்கியது என்று நினைத்து வெட்டி எறிந்தேன். முப்பது வருஷ சர்வேயர்!

காரிலிருந்து இறங்காமலே போன் போட்டேன். மலை ரோட்டில் வந்த பயம் வேறு, இது வேறு. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“பார்ட்டு கெடச்சுதுங்களா?”

“கெடச்சுது சாந்தா. ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு வண்டி எறங்குறப்ப நீ காலைத் தரையில ஊனி அழுத்துனியா?”

“பதினோரு வருசங் கழிச்சுக் கேக்கறீங்க” என்றாள். “உங்க காலுக்குக் கீழ பெடலாச்சும் இருந்துச்சு. எனக்குத் தரைதானுங்க இருந்துச்சு. அதைத்தான் மிதிச்சேன்.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “அந்த சிலிண்டரை மாட்டச் சொன்னது நாந்தான். பழனிசாமி வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னாரு. நாந்தான் கேக்கலை” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கதவைத் திறந்து காலை வெளியே வைத்துக்கொண்டேன், எங்கே ஓடப் போகிறேனோ தெரியவில்லை.

“தெரியுமுங்க” என்றாள். “பழனிசாமியண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே அழுதுட்டே சொல்லிட்டாரு. நீங்க எப்பத்தான் வாயத் தொறக்கறீங்கன்னு பாத்துட்டிருந்தேன். வண்டியச் சரி பண்ணச் சொன்னதே அதுக்குத்தான்.”

செபஸ்தியன் சிலிண்டரைக் கழற்ற ஸ்பானரோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெலிமடை, அரை மில்லி, பழக்கம், அந்த இரண்டு பெண்கள். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“ரப்பர் ஆரு போட்டது?”

“நான்.”

“இங்க வந்து பூட்டறது?”

“அதையும் நாந்தான் பூட்டணும். பழனிசாமியக் கூப்பிட்டு வெச்சுப் பூட்டறேன். அவரு வந்தாருன்னா.”

“வருவாருங்க. நீங்க போயிக் கூப்பிடோணும், அவ்வளவுதான்.” அவள் குரலில் சிரிப்பு இருந்ததா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. “அப்பச் சரிங்க. கோத்தகிரிக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. பின்சீட்டுல இல்லீங்க, பக்கத்துல.”

சரி என்றேன். பயமாகத்தான் இருந்தது.